கம்பியில்லா இணைப்பும் கற்சுவரும்

2017இல் தன் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரத்தில், சிலைப்படங்களை அயலூர்க்கு அனுப்பும் சிற்றலுவலகத்திற்கும், செங்கற்பட்டில் கணக்கெழுதும் அலுவலகத்திற்கும் விரைவான வைஃபை ரூட்டர் இன்றியமையாததாகும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை மட்டும் நோக்கி நாம் வாங்குதல் தகுமோ? உள்வரும் இணையம் நொடிக்கு 100 மெகாபிட் எனின், எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டரும் அதனை 1,000 ஆக்காது; சிறுமுதலாளரின் பணமே வீணாகும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விரைவு மிக்கது. எனினும் தடித்த சுவரைக் கடக்கையில் பெரிதும் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தது; ஆயின் நெடுந்தொலைவு செல்லும். ஆகவே இரண்டும் அமைந்ததே ஏற்றது. கணினியும் கைபேசியும் பலவாயின், 2021இல் தரநிலையாக வெளியிடப்பெற்ற வைஃபை 6 நன்று. வாங்கியதை அலுவலக நடுவே, உயரத்தில் வைத்தல் வேண்டும்.

கல்லின் இயல்பறிந்தே சிற்பியர் உளியைத் தேர்வர். சுவரின் இயல்பறிந்து நாமும் தேர்வோமாக!