மஞ்சும் புகையும்: ஏதுவின் இயல்பு

அளவைகளெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது சிவஞானசித்தியாரின் துணிபு. அவற்றுட் கருதலளவை மடங்களிற் பயிலப்படுவதோடு இக்காலத் தேர்வுகளிலும் புகுந்துள்ளது. கல்லூரி ஆசிரியர் பணிக்குரிய தேசியத் தகுதித் தேர்வின் முதற்றாளில், அநுமானம், வியாத்தி, ஏதுப்போலி என்பன 2019-ஆம் ஆண்டிற் பாடமாகச் சேர்க்கப்பட்டன. வங்கித் தேர்வுகளிலோ, சில கூற்றுக்களைத் தந்து, இன்ன முடிபு அவற்றாற் பெறப்படுமோ என வினவுவர். ஆண்டுக் கூற்றின் மெய்ம்மை ஆராயப்படுவதன்று; அதனை உண்மையெனக் கொண்டே விடை காணல்வேண்டும்.

இவ்வினாக்களில் மாணாக்கர் பெரிதும் வழுவுமிடம் ஒன்றுண்டு. ‘புகையுடையன யாவும் நெருப்புடையன, இது நெருப்புடைத்து, ஆகலின் புகையுடைத்து’ என்பர். அது பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின்கண் நெருப்புண்டு, புகையில்லை. புகை நெருப்பின்றி அமையாது. நெருப்புப் புகையின்றியும் அமையும். ஆகலின் இவ்வியாத்தியைத் தலைமாற்றிக் கூறலாகாதென்க.

இனி, முறைப்படி கூறுமிடத்து உறுப்பு ஐந்து. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது மேற்கோள். ‘புகையுடைமையின்’ என்பது ஏது. ‘புகையுடையது யாது, அது நெருப்புடைத்து, அடுக்களைபோல’ என்பது எடுத்துக்காட்டு. ‘இதுவும் அவ்வாறு புகையுடைத்து’ என்பது உபநயம். ‘ஆகலின் நெருப்புடைத்து’ என்பது நிகமனம்.

அற்றேல், ஐந்துறுப்பும் அமைந்தவழி முடிபு மெய்யாமோ எனின், ஆகாது. பழனிமலைத் தொடரிலுள்ள ஆடலூரில் விடியற்காலை நிற்பார்க்கு, எதிர்ச்சரிவில் வெள்ளென எழுவது மஞ்சோ, தோட்டத்திற் சருகெரிக்கும் புகையோ என ஐயம் நிகழும். அவ்வையம் தீராமுன் அதனையே ஏதுவாக்கி ‘ஆண்டு நெருப்புண்டு’ எனின், கூற்றின் அமைப்பில் வழுவில்லை; ஏதுவோ நிலைபெறவில்லை. ஐயத்திற்கிடனாய இத்தகைய ஏதுவை மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதை ஏதுப்போலிகளுள் வைத்தெண்ணும்.

இதனாற் சித்தாந்திகட்கு வருவது யாதெனின், கூறுதும். உலகிற்குக் கருத்தா உண்டென்பதற்கு, அது தோன்றி நின்று ஒடுங்குதலே ஏது. அவ்வேதுவை உலகாயதன் மறுப்பானாயின், மேற்கொண்டு கூறுவதனைத்தும் மஞ்சைக் காட்டி நெருப்பைச் சாதித்தலாய் முடியும். அதுபற்றியே மெய்கண்டார் சிவஞானபோத முதற் சூத்திரத்தின் முதலதிகரணத்தில் உலகு முத்தொழிலுடைத்தென்பதனை நிறுவி, அதன்பின்னரே சங்காரக் கடவுளே முதலென்பதனை மூன்றாம் அதிகரணத்தில் நிறுவினார்.

தேர்வெழுதுவார் தந்த கூற்றை ஒப்பி விடையிறுத்தல் அவ்விடத்திற்கு முறையே. சமயநூல் பயில்வார்க்கு அஃது அமையாது. மேற்கோளை நெட்டுருச் செய்வித்து ஏதுவை ஆராயாது விடின், பிறர் தடை நிகழ்த்தியவழி நம் மாணாக்கர் வாளாவிருப்பர். ஆகலின், பாடஞ் சொல்வோர் ஒவ்வோர் அதிகரணத்திலும் ‘இவ்வேது புகையோ, மஞ்சோ?’ என முதற்கண் வினவுதல் கடனென்க.