நான்காம் சனிக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

கடந்த சனிக்கிழமை பின்னேரம் செஸ் கழக மண்டபத்தில் ஏழாம் மேசையில் வெள்ளைக் காய்களின் பக்கம் ஆளில்லை. எதிரே, தம்புள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பையன். இரண்டு மணிக்கு மணிக்கூடு ஓடத் தொடங்கியது. அவன் வாசலைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக இருந்தான். அரை மணி நேரம் கழித்து நடுவர் வந்து, அவன் பெயருக்கு நேரே ஒரு புள்ளி போட்டுவிட்டுப் போனார். ஆடாமல் கிடைக்கும் புள்ளி ரேட்டிங் கணக்கில் சேராது. ஒரு காயைக்கூட நகர்த்தாமல் அவன் திரும்ப பஸ் ஏறினான்.

அந்த வெற்று நாற்காலி உன்னுடையது.

முதல் மூன்று சுற்றும் தோற்றுவிட்டாய், "இனிப் போய் என்னத்துக்கு?" என்று கேட்டாயாம். உன் அம்மா சொன்னாள். போனில் பேசினால் நீ "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாய். அதனால்தான் மாமாவின் இந்தக் கடிதம்.

மானுவேல் ஆரோன் என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். 1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். அடுத்த ஆண்டு உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் ஆட ஸ்டாக்ஹோம் போனார். 23 பேர், ஆளுக்கு 22 ஆட்டம். முதலிடம் பிடித்தவர் பாபி ஃபிஷர், 17½ புள்ளி. ஆரோன் எடுத்தது 4 புள்ளி, கடைசி இடம். குளிர் நாட்டில், ஒரு மாதத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாட்கள் தோற்று எழுந்து, மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த 4 புள்ளிக்குள் இரண்டு வெற்றிகள் இருக்கின்றன. ஒன்று ஹங்கேரியின் லாயோஸ் போர்ட்டிஷுக்கு எதிராக, மற்றது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஊல்மானுக்கு எதிராக. இருவரும் அந்தக் காலத்து உலகத்தரக் கிராண்ட் மாஸ்டர்கள். நடுவில் பெட்டியைக் கட்டியிருந்தால் இன்று பேசப்படும் அந்த இரண்டு ஆட்டங்களும் நடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கடைசி இடத்தோடு ஊர் திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை இந்தியத் தேசிய சாம்பியன். 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்துக்குள் மிகைல் தால் பெயரில் ஒரு செஸ் கழகத்தைத் தொடங்கினார். ஆறு வயதில் தன் தாய் சுசீலாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் வந்து சேர்ந்தது அந்தக் கழகத்துக்குத்தான். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தில் ஒரு வழக்கம்: வென்றவர் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தன்னைவிட மூத்தவர்களோடு அப்படி மேசைக்கும் வரிசைக்குமாக அலைந்துதான் அந்தப் பையனின் கை வேகம் பிடித்தது. 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர். ஆனந்தின் பட்டங்களை எல்லோரும் எண்ணுகிறார்கள். அந்த வரிசையில் அவர் எத்தனை தடவை கடைசிக்குப் போய் நின்றிருப்பார் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

நம் கழகத்தின் போட்டி அதைவிட நிதானமானது. சனிக்கு ஒரு சுற்று, ஆறு வாரத்துக்கு ஆறு சுற்று. இது நாமாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1854இல் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் கழகத்தில் 'செவ்வாய் இரவு மாரத்தான்' என்று ஒரு போட்டி உண்டு. வாரம் ஓர் ஆட்டம், மிச்ச ஆறு நாளும் வேலை, படிப்பு, போன ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது. பள்ளிக்கூடமும் டியூஷனும் உள்ள உனக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

ஜோடி சேர்ப்பது சுவிஸ் முறையில். 1895இல் சூரிச் நகரில் ஜூலியஸ் முல்லர் என்பவர் முதலில் நடத்திக் காட்டியது. அதற்கு முன் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, தோற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மற்றது, எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது. முதலாவதில் பாதிப் பேர் ஓர் ஆட்டத்தோடு வெளியேறிவிடுவார்கள். இரண்டாவதற்கு நாட்கள் போதாது. சுவிஸ் முறை தோற்றவரை வெளியே தள்ளாமல், அவரைப் போலவே புள்ளி எடுத்த ஒருவருக்கு எதிரே உட்கார வைக்கிறது. மூன்று தோல்விக்குப் பிறகு உனக்கு வரும் நான்காம் ஆட்டம் முதல் மூன்றையும்விட உன் பலத்துக்கு நெருக்கமானதாக அமையத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஆட்டத்தைத்தான் நீ விட்டுவிட்டாய்.

இன்னொன்றையும் யோசி. கடைசியில் புள்ளி சமமானால் புக்ஹோல்ஸ் கணக்குப் பார்ப்பார்கள். ஒருவர் யார் யாரோடு ஆடினாரோ அவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை அது. உன்னை வென்ற மூவரின் இடமும் நீ இனி எடுக்கப்போகும் புள்ளியில் ஓரளவு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து நெய்யும் பாயில் ஒருவர் கோரையை உருவிக்கொண்டு போவது போல, நடுவில் போவது மற்றவர்களின் வேலையையும் கெடுக்கும்.

ரேட்டிங் விழுந்துவிடும் என்ற பயமும் உனக்கு இருப்பதாகத் தெரிகிறது. அதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 2300க்குக் கீழே இருக்கும்வரை, நீண்டநேர ஆட்டத்தில், எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 40ஆல் பெருக்குவார்கள். உன்னைவிட 200 புள்ளி கூடிய ஒருவரோடு நீ ஆடினால் உன்னிடம் எதிர்பார்ப்பது 0.24 புள்ளி. தோற்றால் ரேட்டிங்கில் ஏறக்குறைய 10 போகும். சமநிலை செய்தால் 10 வரும். வென்றால் 30 வரும். பெரியவர்களோடு மோதுவதில் இளையவர்களுக்குத்தான் இலாபம் கூட. ஆர்பட் எலோ என்ற பேராசிரியர் வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. பயந்து வீட்டில் இருப்பவருக்கு அதில் எந்த வரவும் இல்லை.

இப்போது உன் ஆட்டத்தாள்கள். மூன்றின் பிரதிகளும் மாமாவின் மேசையில் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். மூன்றாவதில் 24ஆம் நகர்த்தலோடு எழுத்து நின்றுவிட்டது. குதிரை பறிபோன இடம் அது. ஆட்டம் அதற்குப் பிறகும் நடந்திருக்கிறது, தாள் வெறுமையாக இருக்கிறது. நேரம் நெருக்காத வரையில் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. விதியை விடு, அந்த எழுதாத பகுதியில்தான் நீ எப்படித் தற்காத்தாய், எங்கே மறுபடி தடுமாறினாய் என்பது இருந்தது. அது போயேபோய்விட்டது.

அதைவிட உறுத்தியது மணிக்கூடு. தோற்று எழும்போது 60 நிமிடத்தில் 38 நிமிடம் உன் பக்கம் மிச்சம். குதிரையைக் கொடுத்த அந்த நகர்த்தலுக்கு நீ இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் எதிராளியின் மந்திரி அந்த மூலைவிட்டத்தில் நிற்பது கண்ணில் பட்டிருக்கும். இனி, கை காய்க்குப் போகுமுன் எதிராளி கடைசியாக ஏன் அப்படி ஆடினார் என்று உனக்குள் ஒரு தடவை கேள். தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி இருக்கும் ஆட்டத்தில் கேள்வி கைக்கு முந்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வென்றவரையே கூப்பிட்டு, "எங்கே பிழை விட்டேன்?" என்று பலகையில் வைத்துக் காட்டச் சொல். நம் கழகத்தில் அதற்கு மறுப்புச் சொல்பவர் யாருமில்லை.

குகேஷின் ரசிகை நீ. 2024 நவம்பர் 25ஆம் திகதி சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தை, அதுவும் வெள்ளைக் காய்களோடு, அவர் தோற்றதை நினைத்துப் பார். எதிரே இருந்த டிங் லிரென் அதற்கு முன் 304 நாட்களாக நீண்டநேர ஆட்டம் ஒன்றைக்கூட வெல்லாதவர். உலகமே அவரைக் கழித்துக்கட்டிய நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தார், வென்றார். குகேஷ் மூன்றாம் ஆட்டத்தை வென்று கணக்கைச் சமன் செய்தார். 11ஆம் ஆட்டத்தில் முன்னேறி, 12ஆம் ஆட்டத்தில் மறுபடி அடி வாங்கினார். 14ஆம் ஆட்டம் சமநிலையை நோக்கித்தான் போனது. ஆனாலும் குகேஷ் கைகொடுக்காமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆம் நகர்த்தலில் டிங் தன் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 7½ – 6½. பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அந்த இருவரில் யாரை நீ பார்த்தாலும் பாடம் ஒன்றுதான்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி போனால் இன்னொன்று. நமக்கு அப்படியில்லை. பெரிய போட்டி என்றால் விடியுமுன் எழும்பி பஸ் பிடிக்க வேண்டும், செலவுக்கு அம்மா கையைப் பிசைய வேண்டும். ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சனிக்கிழமை மண்டபம்தான் பயிற்சி, அதுதான் பரீட்சை. இரண்டு மூன்று நாற்காலி தொடர்ந்து வெறுமையானால் மண்டபத்தின் கதவும் ஒருநாள் திறக்காது. இதுவே மாமாவின் பெரிய கவலை.

ஐந்தாம் சுற்று வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு. உன் பெயரை இப்போதைக்கு எடுத்துவிட வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நீயே அவரைக் கூப்பிட்டு வருவதாகச் சொல்ல வேண்டும், அம்மா சொல்லக்கூடாது. கொஞ்சம் நேரத்தோடு வா. தம்புள்ளைப் பையனும் வருவான். பலகையில் உட்காருமுன் அவனிடம் போய் மன்னிப்புக் கேள்.

அன்புடன்,
மாமா
மாத்தளை