கணினித் தட்டுக்குப் புதிய புலப்படம்

ஒரு வயலை இரண்டாகப் பிரித்து விற்பதானாலும், அதில் கிணறு தோண்டுவதானாலும் முதலில் நாம் தேடுவது புலப்படத்தையே. எல்லைக்கல் எங்கே, உட்பிரிவு எத்தனை என்று அறியாமல் மண்வெட்டியை எடுப்பவன் அண்டை நிலத்துக்காரனோடு வழக்காட நேரும். அலுவலகக் கணினியின் நிலையும் இதுவே. அதன் வன்தட்டுக்குள்ளும் ஒரு புலப்படம் உண்டு. அப்படம் பழைய முறையில் அமைந்திருந்தால், விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறும்போது கணினி வழிவிட மறுக்கும். அப்படத்தைத் திருத்தி எழுதும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினி, கதவில்லாத களஞ்சியம் போன்றது. வீட்டு வரிக் கணக்கும், பணி மதிப்பீடுகளும், கூட்டத் தீர்மானங்களும் அதனுள்ளே இருக்குமாயின் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விவேகமாகாது.

இரு வகைப் புலப்படங்கள்

பழைய முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். 1983-ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள இம்முறையில் தட்டின் முதல் செக்டரிலேயே முழுப் படமும் அடங்கிவிடும். முதன்மைப் பிரிவுகள் நான்கிற்கு மேல் அதில் இடமில்லை. ஒவ்வொரு செக்டருக்கும் அது தரும் எண் 32 பிட் அளவினது. ஆகையால் ஏறத்தாழ 429 கோடி செக்டர்களைத்தான் எண்ண இயலும். செக்டர் ஒன்றுக்கு 512 பைட் எனக் கொண்டால் 2 டெராபைட்டுக்கு அப்பாலுள்ள இடம் இருந்தும் பயன்படாது. அந்த முதல் செக்டர் பழுதுபட்டால் வேறு நகலும் இல்லை.

புதிய முறையாகிய ஜி.பி.டி. இக்குறைகளை நீக்குகிறது. விண்டோஸில் இதன்படி 128 பிரிவுகள் வரை அமைக்கலாம். படத்தின் ஒரு பிரதி தட்டின் தொடக்கத்திலும் மற்றொரு பிரதி இறுதியிலும் வைக்கப்படுகின்றன. கிராமத்தில் ஒரு பிரதியும் வட்டத் தலைமையிடத்தில் ஒரு பிரதியும் இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

விண்டோஸ் 11, யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் தொடக்க அமைப்பையும், செக்யூர் பூட் என்னும் காவலையும் எதிர்பார்க்கிறது. யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் விண்டோஸ் தொடங்க வேண்டுமாயின் தட்டு ஜி.பி.டி. முறையில் இருத்தல் வேண்டும். இதுவே மாற்றத்தின் காரணம்.

எங்கள் அனுபவம்

எங்கள் ஒன்றிய அலுவலகக் கணினி ஒன்றில், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பணி மதிப்பீடுகளும் வீடு கட்டும் பயனாளிகளின் படங்களும் இருந்தன. உதவிக்கு வந்த ஒருவர் தட்டை மாற்றாமலே தொடக்க அமைப்பை மட்டும் யூ.ஈ.எஃப்.ஐ.க்கு மாற்றிவிட்டார். கணினி எழவில்லை, துவக்கத் தட்டு எதுவும் காணப்படவில்லை என்ற செய்தியே திரையில் நின்றது. தட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி என்றார் அவர். வேறு நகல் உண்டா என்று வினவினோம். இல்லை என்றனர் பணியாளர். அக்கணம் எங்கள் மனம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

அழிக்கும் பணியை நிறுத்தச் செய்து, தொடக்க அமைப்பைப் பழையபடி லெகசிக்கே திருப்பினோம். கணினி எழுந்தது, கோப்புகள் யாவும் அப்படியே இருந்தன. தட்டில் பழுதே இல்லை. படமும் அதனைப் படிப்பவரும் பொருந்தாமையே கோளாறு. அன்றே நகல் எடுத்து, பின்னர் முறைப்படி மாற்றினோம். அம்முறை கீழே தரப்படுகிறது.

முன் ஆய்வு

1. எம்.எஸ்.இன்ஃபோ32 என்னும் கருவியைத் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைக் காண்க. யூ.ஈ.எஃப்.ஐ. என்றிருந்தால் இம்மாற்றம் தேவையில்லை. லெகசி என்றிருந்தால் மேலே செல்க.

2. கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியுடையதா என்று பார்க்க. மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள 64 பிட் செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் தட்டிடம், டி.பி.எம். 2.0 ஆகியவை வேண்டும். செயலியே பழையதாயின் தட்டை மாற்றுவதால் மட்டும் பயன் விளையாது.

3. முக்கியக் கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் நகலெடுக்க. நகலெடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் அவற்றுள் சிலவற்றைத் திறந்தும் பார்க்க. திறவாத நகல் நகலாகாது.

4. பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க.

5. மின்தடைக்கு அஞ்ச வேண்டிய ஊர்களில் யூ.பி.எஸ். இணைப்பு இன்றித் தொடங்கலாகாது.

செய்முறை

விண்டோஸ் 10-இன் 1703-ஆம் பதிப்பு முதல், எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி விண்டோஸுடனேயே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் படத்தை மட்டும் மாற்ற வல்லது இது. கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, கருவியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்க. அதன்பின் சாய்கோட்டுடன் வாலிடேட். அடுத்துச் சாய்கோட்டுடன் டிஸ்க், முக்காற்புள்ளி, தட்டின் எண். இறுதியில் சாய்கோட்டுடன் அலவ்ஃபுல்ஓஎஸ் என ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடைவெளி விட்டு எழுதுக. விண்டோஸ் உள்ள தட்டின் எண் பெரும்பாலும் 0 ஆகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதனை உறுதி செய்துகொள்க.

இது சோதனை மட்டுமே, எதனையும் மாற்றாது. சோதனை தேறினால், வாலிடேட் என்ற இடத்தில் கன்வர்ட் என்று எழுதி மீண்டும் ஏவுக. சில நிமிடங்களில் பணி முடியும்.

சோதனை தேறாவிடின் மனம் தளர வேண்டுவதில்லை. முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, விரிவுப் பிரிவும் அதனுள் உட்பிரிவுகளும் இருந்தாலோ கருவி மறுத்துவிடும். சி, டி, ஈ எனப் பல பகுதிகளாகப் பிரித்த கணினிகளில் இவ்விடர் எழக்கூடும். அப்பிரிவுகளில் உள்ளவற்றை வெளித்தட்டுக்கு மாற்றி, சரிபார்த்து, பிரிவுகளை நீக்கிய பின் மறுபடியும் சோதிக்கலாம். மாற்றம் முடிந்ததும் அவற்றைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய பின்

கணினியை அணைத்து எழுப்புகையில், தயாரிப்பாளர் குறித்துள்ள விசையை அழுத்தித் தொடக்க அமைப்பினுள் செல்க. லெகசி என்பதை யூ.ஈ.எஃப்.ஐ. ஆக்குக, செக்யூர் பூட், டி.பி.எம். இரண்டையும் இயங்கச் செய்க. இவ்வரிசை தவறியதால் விளைந்த துன்பத்தையே மேலே கூறினோம். விண்டோஸ் எழுந்ததும் எம்.எஸ்.இன்ஃபோ32-இல் யூ.ஈ.எஃப்.ஐ. என்று காணப்படுகிறதா எனப் பார்த்து, நிறுத்தி வைத்த பிட்லாக்கரை மீண்டும் இயக்குக. அதன்பின் விண்டோஸ் 11-க்கு மாறலாம். ஒன்றை நினைவிற் கொள்க: ஜி.பி.டி.யிலிருந்து எம்.பி.ஆர்.க்குத் திரும்ப விரும்பினால், விண்டோஸின் சொந்தக் கருவிகளைக் கொண்டு பிரிவுகளை அழிக்காமல் அது இயலாது.

ஊராட்சிச் செயலர்களும் அலுவலகப் பணியாளர்களும் இவ்வேலையை அஞ்ச வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவது போல முதலில் நகல், பிறகு சோதனை, அதன் பிறகே மாற்றம் என்னும் ஒழுங்கைக் கைக்கொள்க. கோப்பு ஒன்று அழிந்தால் இழப்பு அலுவலகத்துக்கு மட்டுமன்று. தம் வீட்டுக்கான அடுத்த தவணையை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் எளியோருக்கும் அது இழப்பாகும்.