கடைசல் இயந்திரமும் அதை இயக்குபவரும்

பம்பு செட் நின்றுவிட்டால், தேய்ந்த தண்டைத் தூக்கிக்கொண்டு விவசாயி செல்லுமிடம் லேத் பட்டறை. மாலையில் புதிய தண்டு கைக்கு வந்துவிடுகிறது. இடையே நடந்தது யாது என நாம் உசாவுவதில்லை. ஆயினும் நம் கிராமத்து இளைஞர் பலர் நாடிச் செல்வது இத்தொழிலையே. பயிற்சியின்றிச் சென்று விரலை இழந்து திரும்புவோரும் உளர். ஆதலின் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் அவசியம்.

லேத் என்பது கடைசல் இயந்திரம். கட்டில் காலையும் பம்பரத்தையும் கடையும் தச்சரின் கடைசலும் இதுவும் தத்துவத்தில் ஒன்றே. பொருள் சுழலும், உளி சீவும். இரும்பைச் சீவும் உளியைக் கையால் பிடிக்க இயலாதாகையால், அதை இயந்திரத்தில் பூட்டிக் கைச்சக்கரத்தால் சிறிது சிறிதாக நகர்த்துவர். எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது என்பதை நிர்ணயிப்பவர் இயக்குபவரே. ஹைஸ்பீடு ஸ்டீல் உளி, சாதாரண இரும்பை நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் சீவும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு இது ஏறத்தாழ 380 சுற்று. தண்டின் பருமன் இருமடங்கானால் சுற்று பாதியாக வேண்டும். இல்லையேல் உளிமுனை கருகிப்போகும்.

தொழிலின் உயிர்நிலை அளவில் இருக்கிறது. 6205 என்று எண் பொறித்த பேரிங்கின் உள்துளை 25 மில்லிமீட்டர். அது இறுகி அமர்வதற்குத் தண்டு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருத்திருந்தால் போதும். மெலிந்திருப்பின் பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுழன்று தண்டையே தின்றுவிடும். மிகவும் பருத்திருப்பின் குண்டுகள் உருள இடமின்றிப் பேரிங் சூடேறிக் கெடும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சீவும்போது தண்டும் சூடேறுகிறது. 35 டிகிரி சூடு கூடினால், அதே நூறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்டு பருத்துவிடும். சுடச்சுட அளந்து சரியென்று கொடுத்த தண்டு, ஆறியபின் தளர்ந்துவிடும். எனவே ஆறவைத்து மைக்ரோமீட்டரால் அளப்பவரே நல்ல தொழிலாளி. பட்டறை வாசலில் நின்று அவசரப்படுத்தும் நம்மவர்கள் இதை நினைவில் கொள்வார்களாக.

இக்காலத்தில் சி.என்.சி. இயந்திரங்களும் பரவியுள்ளன. அவற்றில் உளியை நகர்த்துவது கணினி. ஆனால் உளி தேய்வதைக் கவனித்து, உருப்படியை அளந்து, கணக்கைத் திருத்துபவர் மனிதரே.

பிளாஸ்டிக் தொழிலிலும் நிலைமை இதுவே. வயலுக்கு நீர் கொண்டு செல்லும் பி.வி.சி. குழாய், உருகிய பொருளை அச்சு வழியே தள்ளி உருவாக்கப்படுகிறது. அச்சின் நடு சற்று விலகினாலும் குழாயின் சுவர் ஒருபுறம் மெலியும். அழுத்தம் ஏறும்போது அவ்விடத்தில்தான் வெடிக்கும். சூடு மிஞ்சினால் பி.வி.சி. சிதைந்து, காரமான அமிலப் புகை எழும். அதனை முகர்ந்தும் முகராதவர்போல் வேலையைத் தொடர்வது உடலுக்குத் தீங்கு.

அபாயங்களைப் பொறுத்தவரை, லேத்தில் வேலை செய்வோர் கையுறை அணியலாகாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சுழலும் தண்டு கையுறை நுனியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகியவையும் அவ்வாறே. சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கொக்கியால் அகற்ற வேண்டும், விரலால் அன்று. சக்கைத் திருகும் சாவியை அதிலேயே விட்டு இயந்திரத்தை ஓட்டினால், அது கல்லெறிபோல் பறந்து வரும். கண்ணாடி அணியாத கண்ணில் ஒரு துகள் பட்டால் பார்வையே போகக்கூடும். இவற்றையெல்லாம் முதல் நாளிலேயே கற்பிக்காத பட்டறைக்கு நம் பிள்ளைகளை அனுப்புவது தகாது.

1950 ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.களில் டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகள் உள்ளன. இரண்டும் ஈராண்டுப் பயிற்சி. பத்தாம் வகுப்புத் தேறியோர் சேரலாம். பிளாஸ்டிக் தொழிலை நாடுவோருக்கு, 1968 இல் சென்னையில் நிறுவப்பட்ட சிப்பெட் உண்டு. பத்தாவது தேறி வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே பஞ்சாயத்து குறித்துவைக்கலாம். நேரே பட்டறையில் சேர்வோருக்கு இ.எஸ்.ஐ. பதிவு உண்டா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்டைக் கொண்டுபோகும்போது, அதில் மாட்டவேண்டிய புதிய பேரிங்கையும் உடன் கொண்டுபோங்கள். பேரிங்கையும் கையில் வைத்து அளந்து கடைவது, பழைய தண்டின் தேய்மானத்தைப் பார்த்து ஊகித்துக் கடைவதைவிட எளிது.