சின்ன ட்யூப் ஆம்ப்: வாட் கணக்கும் வீட்டுக் கணக்கும்

எலெக்ட்ரிக் கிட்டார் பழகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கு ட்யூப் ஆம்ப் மேல் ஆசை வந்துவிடுகிறது. நியாயமான ஆசைதான். மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்போடு கனத்தும் ஒலிக்கும் அந்த இயல்பு, விரலில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை உடனுக்குடன் காட்டிவிடும். பயிற்சிக்கு அது பெரிய உதவி. ஆனால், வாங்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் மேடையில் வாசிப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. படுக்கையறையில் உட்கார்ந்து ஸ்கேல் வாசிப்பவர் அவற்றை நம்பிப் பணம் போட்டால், வாங்கிய ஆம்ப் சீக்கிரமே பரண் ஏறிவிடும். அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: 5 வாட் என்றால் சத்தம் குறைவு, வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

வாட் எண்ணைப் பார்த்து சத்தத்தை ஊகிப்பதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மின்திறன் ஏறுகிற அதே விகிதத்தில் நம் காதுக்குச் சத்தம் ஏறுவதில்லை. திறன் பத்து மடங்கு கூடினால்தான் சத்தம் ஏறத்தாழ இரு மடங்கு ஆனதாகத் தோன்றும். ஆகவே 50 வாட் ஆம்ப்போடு ஒப்பிட்டால், 5 வாட் ஆம்ப் அதில் பாதிச் சத்தம் போடும். பத்தில் ஒரு பங்கு என்று நினைத்து வாங்கினால் முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஸ்பீக்கரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களில் பல, 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபல் அளவில் ஒலிக்கும். சில 100 டெசிபலையே தொடும். 97 என்று வைத்துக்கொண்டால், 5 வாட் கொடுக்கும்போது 104 டெசிபல் வரும். நியோஷ் என்னும் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 104 டெசிபலுக்குக் கிடைப்பது ஆறு நிமிடம்! 'சின்ன' ஆம்ப்பை முழுதாகத் திருகி அதன் முன்னால் உட்கார்ந்து பழகுவது காதுக்குச் செய்யும் கேடு.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு உண்மை தெரியும். வீட்டில் டிவி பார்க்கிற அளவு, சுமார் 70 டெசிபல் போதும் என்று முடிவு செய்தால், அதே ஸ்பீக்கருக்கு வேண்டிய திறன் 0.002 வாட். ஆயிரத்தில் இரண்டு பங்கு வாட்! இரவு எட்டு மணிக்கு வீட்டில் வாசிக்கும்போது 5 வாட் ஆம்ப்பும் 15 வாட் ஆம்ப்பும் கொடுப்பது இந்தத் துளியைத்தான். 5 வாட்டுக்குப் பதில் 1 வாட் ஆம்ப் வாங்கினாலும் வித்தியாசம் 7 டெசிபல்தான். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, வீட்டுக்கு ஆம்ப் தேடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது குறைந்த சத்தத்தில் எப்படி ஒலிக்கும் என்பது. எத்தனை வாட் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: ட்யூப் ஆம்ப்பை முழு வால்யூமில் வைத்தால்தான் டோன் வரும்.

ஒரு காலத்து ஆம்ப்களுக்கு இது பெரிதும் உண்மை. 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் சாம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் ட்யூப், ஒரு 6வி6 பவர் ட்யூப், ஒரு ரெக்டிஃபையர் ட்யூப், 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். ஏறத்தாழ 5 வாட். மாணவர்களுக்காக விற்ற ஆம்ப் அது. அதில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் வால்யூமை ஏற்றுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. 1970-இல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் 'லைலா' ஆல்பத்துக்காக எரிக் கிளாப்டன் வாசித்தது சாம்ப்பில்தான். அந்தப் பதிவில் கேட்கும் பிரம்மாண்டம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்த மைக்கிலிருந்து வந்தது.

டிஸ்டார்ஷன் பிறக்கும் இடங்கள் மூன்று: முன்பகுதியில் இருக்கும் ப்ரீஆம்ப் ட்யூப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப், பிறகு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு. மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப்பில் கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்கினால் ப்ரீஆம்ப் ட்யூப் மட்டும் முழு வேலை செய்யும், சத்தம் அடங்கியிருக்கும். பவர் ட்யூப் திணறும்போது வரும் அந்த இறுக்கமும் நெகிழ்வும் இதில் கிடைக்காது என்பது உண்மைதான். அதற்காகச் சில ஆம்ப்களில் திறனைக் குறைக்கும் சுவிட்சே வைத்திருக்கிறார்கள். வாக்ஸ் ஏசி4டிவியில் 4 வாட், 1 வாட், கால் வாட் என்று மூன்று நிலைகள். புகேரா வி5-இல் 5, 1, 0.1 வாட். ஆனால் முன்பு போட்ட கணக்கை மறந்துவிட வேண்டாம்: 97 டெசிபல் ஸ்பீக்கரில் 0.1 வாட்கூட 87 டெசிபல் கொடுக்கும். பகலில் பரவாயில்லை, இரவுக்கு அதுவும் அதிகம்.

குறைந்த சத்தத்தில் டோன் 'மெலிந்து' கேட்பதற்கு ஆம்ப் மட்டும் காரணமில்லை. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் மங்கலாகவே கேட்கும். இதை ஃப்ளெட்சர், மன்சன் என்னும் பெல் ஆய்வக ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வெளியிட்டார்கள். மேடைக்கு வைத்த அதே பேஸ், ட்ரெபிள் அமைப்பை வீட்டிலும் வைத்துக்கொண்டு ஆம்ப்பைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம். பேஸைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், ஆம்ப்பை விற்கும் எண்ணமே போய்விடும். முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் போட்டாலும் ப்ரீஆம்ப் ட்யூபை எளிதாக உசுப்பலாம். புகழ்பெற்ற ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமருக்குள் ட்யூபே கிடையாது, இருப்பது சிப்தான். அதன் வேலை ஆம்ப்பில் இருக்கும் ட்யூபைத் தள்ளிவிடுவது.

நம்பிக்கை: ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் அது ட்யூப் ஆம்ப்.

பெட்டியில் 'ட்யூப்' என்று அச்சிட்டிருந்தாலும், சன்னல் வழியாக ஒரு ட்யூப் ஒளிர்ந்தாலும், பவர் பகுதி டிரான்சிஸ்டராக இருக்கலாம். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் அப்படிப்பட்டது: ப்ரீஆம்ப்பில் ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் பகுதி முழுக்க டிரான்சிஸ்டர். அது மோசமான ஆம்ப் இல்லை, கைக்கடக்கமானது, விலையும் குறைவு. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முழு ட்யூப் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பார்த்தால், 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன ட்யூபுடன் இஎல்84 அல்லது 6வி6 போன்ற பவர் ட்யூபும், கனமான இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் இருக்கும். ஒன்று மின்சாரம் வாங்குவதற்கு, மற்றது ஸ்பீக்கருக்குக் கொடுப்பதற்கு. அந்த இரும்புதான் விலையில் பெரும்பங்கு.

நம்பிக்கை: சின்ன ஆம்ப் என்றால் தகர டப்பா ஒலிதான் வரும்.

இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். நல்ல ஆம்ப்கள் பல இந்தப் பழியைச் சுமந்து விற்கப்பட்டுவிடுகின்றன. டப்பா ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் சர்க்யூட் இல்லை, ஸ்பீக்கரும் பெட்டியும்தான். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஃபெண்டர் 2007-இல் மறுபடி வெளியிட்ட சாம்பியன் 600-இல் இருப்பது 6 அங்குல ஸ்பீக்கர். அந்தச் சின்னக் கூம்பால் 82 ஹெர்ட்ஸை முழுமையாகத் தள்ள முடியாது. அதனால் தாழ்ந்த தந்திகள் எலும்பு மட்டும் மிஞ்சியது போல் கேட்கும். அதே ஆம்ப்பை ஒரு 12 அங்குல கேபினட்டில் இணைத்து, ஆறாம் தந்தியை வெறுமனே மீட்டிப் பாருங்கள். நம்பவே முடியாது, வேறு ஆம்ப் போல இருக்கும்.

ஆகவே, கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், வெளி ஸ்பீக்கர் ஜாக் உள்ள மலிவான ஆம்ப்பாகப் பார்த்து வாங்கி, பிறகு ஒரு நல்ல கேபினட் சேர்ப்பதுதான் என் யோசனை. ஸ்பீக்கரின் ஓம் எண்ணும் ஜாக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும். 4, 8, 16 என்று இருக்கும். வீட்டுக்கு வாங்கும்போது அதிக டெசிபல் ஸ்பீக்கரைத் தேடி ஓடவும் வேண்டாம். 97-க்குப் பதில் 94 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்பின் திறனைப் பாதியாகக் குறைத்ததற்குச் சமம். நமக்கு அது நல்லதுதான்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்ப்பில் வாசிக்காதீர்கள். சத்தம்தான் வரவில்லையே என்று தோன்றும். உள்ளே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, அதன் காப்பே கருகிவிடலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் இந்தத் தவறைச் செய்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: கையால் வயர் செய்த ஆம்ப்தான் ஆம்ப், அச்சிட்ட பலகை மட்டம்.

மின்சாரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரே சர்க்யூட்டை ஒழுங்காகச் செய்தால் இரண்டும் நன்றாகவே ஒலிக்கும். பலகையில் நேரடியாகப் பொருத்திய ட்யூப் சாக்கெட், வருடக்கணக்கில் சூடுபட்டு சால்டர் விட்டுப்போகலாம். வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் அது சின்ன ரிப்பேர்.

நம்பிக்கை: வருடா வருடம் ட்யூப் மாற்றியே ஓட்டாண்டி ஆகிவிடுவோம்.

வாரம் ஐந்து நாள் மேடையில் அடித்து வாசிப்பவர் பவர் ட்யூபை வருடத்துக்கொரு முறை மாற்றலாம். வீட்டில் பழகுபவருக்குச் சில வருடங்கள் தாங்கும், ப்ரீஆம்ப் ட்யூப் அதைவிடவும் அதிக நாள் உழைக்கும். ஒற்றைப் பவர் ட்யூப் உள்ள சின்ன ஆம்ப்களில் பெரும்பாலானவை பயாஸை, அதாவது வாசிக்காதபோதும் பவர் ட்யூபில் ஓடும் மின்னோட்ட அளவை, தாமாகவே அமைத்துக்கொள்ளும் வகை. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும், ஆனால் அணைத்து ஆறிய பிறகு. இன்று ட்யூப்கள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன. 2022-இல் ரஷ்யச் சரக்கு தடைப்படும் என்ற அச்சத்தில் விலை ஏறியது. ஆகவே ஒரு செட் கூடுதலாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த ட்யூப்களை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. பழைய ரேடியோக் கடைக்காரர் யாரையாவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பழைய ஆம்ப் வாங்கும்போது ஒரு சோதனை. ஆம்ப்பை ஓடவிட்டு, வெளியே தெரியும் ப்ரீஆம்ப் ட்யூபைப் பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் சின்ன 'டிக்' கேட்பது சகஜம். மணி அடித்தது போல் நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ அந்த ட்யூப் மாற்ற வேண்டியது. ட்யூபைக் கையால் தொட வேண்டாம், கொதிக்கும்.

நம்பிக்கை: அமெரிக்காவிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொன்னால் லாபம்.

விலையில் லாபமாக இருக்கலாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்தில் 230 அல்லது 240 என்று எழுதியிராத ஆம்ப்பை நம் பிளக்கில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கலாம், ஆனால் அதன் விலையையும் எடையையும் கணக்கில் சேருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 1950, 60-களில் அமெரிக்காவில் விற்ற மிக மலிவான பயிற்சி ஆம்ப்கள் சிலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வீட்டு மின்சாரம் நேராகச் சர்க்யூட்டுக்குள் போகும். ட்யூப்களில் 35டபிள்யூ4, 50சி5 என்ற எண்கள் தெரிந்தால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டாரின் தந்திகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. உள்ளே காப்பு பழுதானால் மின்சாரம் உங்கள் விரலுக்கு வரும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். புதிய ஆம்ப்புக்கும் மூன்று முனை பிளக்கும், வீட்டில் வேலை செய்யும் எர்த்தும் கட்டாயம். இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழகாதவர்கள் சேஸியைத் திறக்கக் கூடாது.

நம்பிக்கை: ட்யூப் ஆம்ப் இல்லாமல் கிட்டார் ஒழுங்காகக் கற்க முடியாது.

கற்கலாம். வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது, கிடைக்கும் நேரமே இரவு பத்துக்கு மேல்தான் என்றால், ஹெட்ஃபோன் ஜாக் உள்ள டிஜிட்டல் ஆம்ப்தான் சரி. தினமும் அரை மணி வாசிக்க விடுகிற ஆம்ப், வாரத்துக்கொரு முறை மட்டுமே போட முடிகிற ட்யூப் ஆம்ப்பைவிட மேல்.

பகலில் வாசிக்க வசதி இருந்து, ட்யூப்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், 1 முதல் 5 வாட்டுக்குள், மாஸ்டர் வால்யூமோ திறன் குறைக்கும் சுவிட்சோ, வெளி ஸ்பீக்கர் ஜாக்கும் உள்ளதாகப் பாருங்கள். கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் வால்யூமை ஏற்றிக் காட்டுவார், காட்டட்டும். பிறகு நீங்களே அதைப் பேச்சுச் சத்தம் அளவுக்கு இறக்கி, பத்து நிமிடம் வாசியுங்கள். அந்தச் சத்தத்தில் பிடித்திருந்தால் வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.