மூன்றரை மணிக்கே ஜன்னலைச் சாத்துங்கள்!

கேள்வி: வேலை மாற்றலில் கடந்த ஜூனில் திருநெல்வேலியிலிருந்து உதகைக்கு வந்தோம். காந்தல் பக்கம் வாடகை வீடு. பழைய கட்டடம், சிமெண்ட் தரை, தகரக் கூரை, அதன் கீழே பலகை அடித்திருக்கிறார்கள். மழையை எப்படியோ சமாளித்துவிட்டோம். இந்தக் குளிரைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆனதும் ஆளுக்கொரு மூலையில் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறோம். வீட்டில் பேச்சே இல்லை. மாமியாருக்கு எழுபது வயது, மகளுக்கு ஆறு. வீடு மாறியதில் கையிருப்பு கரைந்துவிட்டது. ஹீட்டர், கம்பளம் எதுவும் இப்போது வாங்க முடியாது. "ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டு அறையில் வைத்தால் போதுமே" என்கிறார் மாமியார். வைக்கலாமா? செலவில்லாமல் வீட்டைக் கதகதப்பாக்க வேறு வழி உண்டா?

– ஒரு வாசகி, உதகை

பதில்: வைக்கவே கூடாது. மற்றதெல்லாம் பிறகு.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. மலை ஊர்களில் அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் வளர்ந்த ஓட்டு வீட்டில் காற்று நாலு பக்கமும் போய் வந்திருக்கும். இப்போது நீங்கள் இருப்பது குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலையெல்லாம் சாத்திவைக்கும் வீடு. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கைதான்: காற்று வெளியேற வழியில்லாமல் அதை எரியவிடாதீர்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். சமவெளியிலிருந்து மலைக்கு வருகிறவர்கள் வெயிலுக்குப் பழகிய கையோடு வருகிறார்கள். நெல்லையில் என்ன செய்வீர்கள்? பகலில் ஜன்னலைச் சாத்தி வெயிலைத் தடுப்பீர்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து காற்று வாங்குவீர்கள். உதகையில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டிசம்பர் கடைசியில் உதகையில் சூரியன் உச்சியில்கூடத் தலைக்கு நேராக வராது. ஏறக்குறைய 35 டிகிரி தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் குளிர்காலத்தில் தெற்குப் பார்த்த ஜன்னல்தான் உங்கள் இலவச ஹீட்டர். காலையில் வெயில் ஏறியதும் அதன் திரையை முழுக்க விலக்குங்கள். போர்வை, தலையணைகளை அந்த வெயிலில் போடுங்கள். மூன்றரைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். அறைக்குள் வெயில் இருக்கும்போதே சாத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆறு மணிக்குச் சாத்தினால், குளிரை உள்ளே விட்டுப் பூட்டிய கதைதான்.

மேகமில்லாமல், காற்று அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் உறைபனி இரவு. பூமியின் சூட்டைப் பிடித்துவைக்க மேலே மேகம் இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா மாதிரி இடங்களில் புல்வெளி வெளுத்துப்போவது அதனால்தான். வானம் தெளிந்திருக்கும் நாளில் அரைமணி முன்னதாகவே சாத்திவிடுங்கள்.

இன்னொரு பழக்கம். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்கதவு திறந்திருக்க வேண்டும் என்று மாமியார் சொல்வார். உதகையில் பொழுது விழுந்து குளிர் இறங்கும் நேரமும் அதுவே. ஐந்தரைக்கே விளக்கேற்றி, ஐந்து நிமிடம் திறந்து வைத்துச் சாத்திவிடுங்கள். லட்சுமி நேரத்தோடு வந்துவிடுவாள். சாயங்காலம் வாசல் தெளிப்பதும் வீடு துடைப்பதும் வேண்டாம். ஈரம் காய்வதற்கான சூட்டைத் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். துடைப்பதைக் காலை பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழு வீட்டையும் சூடாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே சின்ன அறையாக, தெற்கோ மேற்கோ ஜன்னல் உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலம் முடியும்வரை சாப்பாடு, பாடம், பேச்சு எல்லாம் அங்கேதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியாகிக்கொண்டே இருக்கும். நீங்கள் நாலு பேர், அதில் ஒருத்தி சின்னப் பெண். 350 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் மின்சாரம் சாப்பிடும். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் சுருண்டால் அது நாலு திசையில் வீணாகிறது. சின்ன இடம் சூட்டை எப்படிக் காக்கும் என்று தெரிய, தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு, ஒருமுறை போய்ப் பாருங்கள். வளைந்த கூரை தரையை நெருங்கி இறங்கும்; குனிந்து தவழ்ந்தால்தான் நுழைய முடியும் என்கிற அளவில் ஒரே ஒரு வாசல். இந்த மலையில் எத்தனையோ தலைமுறை குளிர் பார்த்தவர்கள் கட்டிய வீடு அது.

அறையைத் தேர்ந்தெடுத்தபின் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னலைச் சாத்தி, சட்டத்தின் ஓரமாகப் பத்தியை மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறும் இடத்தில் குறையில்லை. எங்கே வெடுக்கென்று உள்பக்கம் சாய்கிறதோ அங்கே காற்று நுழைகிறது. பழைய வீடுகளில் பெரும்பாலும் கதவின் அடியில்தான் மாட்டும். கிழிந்த பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, பழந்துணியை அடைத்து இருமுனையும் கட்டினால் கதவடிக்கு அணை தயார். ஜன்னல் இடுக்குக்குத் துணிக்கீற்று போதும். எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள், உயரத்தில் ஒரு சின்ன வழி மூச்சுக்கு இருக்கட்டும். டிவி, பிரிட்ஜ் சுற்றி வந்த குமிழ் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப்போடவில்லையே? வடக்கு ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து அதை ஒட்டவையுங்கள். பசை வேண்டாம், வீட்டுக்காரர் கோபிக்கவும் மாட்டார்.

காலடியில்தான் குளிர் அதிகம் ஏறுகிறது. சிமெண்ட் தரை உடம்புச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். வீடு மாற்றிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலே கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம் விரியுங்கள். அட்டையின் நெளிவுக்குள் அடைபட்ட காற்றுதான் இங்கே வேலை செய்கிறது. மெத்தைக்கு அடியிலும் இதே ஏற்பாடு. மேலே மூன்று போர்வை போர்த்திக்கொண்டு, கீழே வெறும் தரையில் மெல்லிய மெத்தை போட்டுப் படுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாலாவது போர்வை வாங்கக் கிளம்பும்போது வருத்தமாக இருக்கும்.

நெல்லையிலிருந்து கொசுவலையும் கட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள், இந்தக் குளிரில் அது பெட்டியிலேயே கிடக்கும். எடுங்கள். மாமியார் கட்டிலுக்கு மேல் கட்டி, அதன் மேற்பகுதியிலும் சுவர்ப் பக்கத்திலும் பழைய நூல் புடவைகளை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். தகரக் கூரையிலிருந்து இறங்கும் குளிர் நேராக முகத்தில் விழாது. கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.

படுப்பதற்கு அரைமணி முன்பு, மூடி இறுக்கமான எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி, கால்மாட்டில் போர்வைக்குள் வையுங்கள். பிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாது. மாமியாரும் குழந்தையும் படுக்கும்போது பாட்டிலை எடுத்துவிட வேண்டும், தூக்கத்தில் சுட்டுவிடும்.

வீட்டில் பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த வரிதான். கதகதப்பில் பாதி வெளிச்சம் சம்பந்தப்பட்டது. ஏழு மணிக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் மஞ்சள் பல்பு ஒன்றைத் தாழ்வாக, ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் எரியவிடுங்கள். பாட்டியும் பேத்தியும் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் தானாக வந்து உட்காருவார்கள். சுக்குக் காப்பியை அங்கேயே கொண்டுவந்து ஊற்றுங்கள். சுண்டலோ வேர்க்கடலையோ வேகவைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு உத்தரவாதம்.

கடைசியாக, ஈரத் துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள். ஈரம் போய்க் குளிர்ந்த சுவரில் படியும், பூஞ்சை பிடிக்கும், மாமியாருக்கு இருமல் வரும். இதையெல்லாம் செய்தும், நல்ல வெயில் நாளிலும் ஒரு சுவர் மட்டும் கீழிருந்தோ மேலிருந்தோ நனைந்தே இருந்தால், அது குளிரின் வேலை இல்லை. கூரையோ குழாயோ கசிகிறது. அந்தச் செலவு உங்களுடையதல்ல, வீட்டுக்காரருடையது. பிப்ரவரி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தகரக் கூரையில் ஏற ஆள் கிடைக்காது.