இரண்டு சமையல், ஒரு வயிறு

திருக்குறளில் 95ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. ஆனால் எந்த மருந்தின் பெயரும் அதில் இல்லை. அதன் குறட்பாக்களில் பாதிக்கு மேல் உண்ணும் அளவையும் பசியையும் பற்றியே பேசுகின்றன. எடையைக் குறைக்க விரும்பும் அன்பர்கள் மருந்துக் கடைக்குப் போகுமுன் தங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பது நல்லது.

டில்லிக்கு வந்த நாம் ஊர்ச் சமையலை விட்டுவிடவில்லை. இந்த ஊர்ச் சமையலையும் ஏற்றுக்கொண்டோம். இரண்டுமே நல்ல உணவுதான். ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் தொல்லை. இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு சப்ஜி. பிறகு சாதம் இல்லாமல் சாப்பிட்ட திருப்தி வராது என்று ரசம் சாதம், மோர் சாதம். காலையில் இட்லி, மாலையில் சமோசா. குளிர்காலம் வந்தால் நெய் மணக்கும் பராட்டா, காரட் அல்வா. வயிறு மட்டும் ஒன்றே.

இடுப்பளவு சொல்லும் செய்தி

தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. அடுத்து, கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு விடை 25. மேலைநாட்டாருக்கு 30இல் தொடங்கும் உடற்பருமன் இந்தியருக்கு 25லேயே தொடங்குவதாக நம் மருத்துவர்கள் 2009இல் வரையறுத்தார்கள். பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் நம்மவருக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணித்தது.

தட்டில் செய்யும் மாற்றம்

1. ஒரு வேளைக்கு ஒரு தானியம். சப்பாத்தி என்றால் சப்பாத்தி, சாதம் என்றால் சாதம். தொட்டுக்கொள்ள உருளை, சேப்பங்கிழங்கு வேண்டாம், அவையும் மாவுச்சத்தே. பருப்பு, பயறு, கீரை, காய் ஆகியவற்றைக் கூட்டுங்கள். பசி தாங்கும்.

2. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படுவோருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளுக்கு 27 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறது. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் மளிகைச் சிட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. காபி, டீ ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு 4 தடவை என்றால் 160 கலோரி. மாதத்துக்கு 4800. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

4. விரதம் என்று பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் வயிறு நிறையப் பலகாரம் பண்ணினால் எடை குறையாது.

மாத்திரையும் பொடியும்

மீன் குழம்பில் போடும் குடம்புளியின் சாரத்தை மாத்திரையாக்கி, எடை குறைக்கும் மருந்தென்று உலகெங்கும் விற்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். உண்மை மாத்திரை உட்கொண்டவருக்கு, வெறும் மாத்திரை உட்கொண்டவரைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. இத்தகைய மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் உண்டு. குழம்பில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். புரதப் பொடியும் சாதாரணமாகத் தேவையில்லை; பருப்பு, தயிர், சுண்டல், முட்டை போதும். சைவ உணவுக்காரருக்கு பி12 வைட்டமின் குறைவது சகஜம். அதை இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னபடி உட்கொள்ளவேண்டும். அது குறைபாட்டுக்கு மருந்தே தவிர, எடையைக் குறைக்காது.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம், பேசமுடியும் ஆனால் பாடமுடியாது என்ற வேகத்தில் நடக்கவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் தேவை. நாற்காலியில் கைகொடுக்காமல் 10 தடவை உட்கார்ந்து எழுவதும் பயிற்சிதான். டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயிலுக்கு முன் நடந்துவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை புகைமூட்டம் மிகுந்த நாட்களில் விடியற்காலை நடையைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே தொடங்கவும்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அவசரம் வேண்டாம். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர உதவும். சமைப்பவர் ஒருவர் மட்டும் நினைத்து இது நடக்காது. வீட்டில் எல்லோரும் ஒரே சமையலுக்குச் சம்மதிக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாமே!